தருமபுரியில் மூளை நலம் யார் யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சொற்றொடருக்கு விளக்கம் மட்டுமே. "மூளை நலத்தை மேம்படுத்தப் பல அறிவியல் துறைகளும் சமுதாயமும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்கிறார்களே, நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கே சேலத்துக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கும் பாலக்கோட்டுக்காரனுக்கு இதனால் என்ன?" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூளை என்பது மூளை மருத்துவரின் பொருள்தானே, அதில் குடிநீர்ப் பொறியாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் என்ன வேலை என்பது ஒன்று. அப்படியே வேலை இருந்தாலும், மருத்துவரே போதாத இடத்தில் இந்தப் பேச்சு பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு கொடுப்பதாகாதா என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

நான் நரம்பியல் படித்தவன் அல்லன். சமூக மருத்துவம் படித்து, பென்னாகரம் வட்டாரத்தின் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் 25 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன். மூளையின் ஸ்கேன் படத்தை நிபுணரைப் போல் படிக்க எனக்குத் தெரியாது. அந்த ஸ்கேன் எடுக்கும் நிலைக்கு வருவதற்கு முன் மனிதர்கள் எந்தெந்த வழியாக நடந்து வருகிறார்கள் என்பதை மட்டும் ஓரளவு பார்த்திருக்கிறேன். ஆகவே சிகிச்சை நுட்பங்களை விட்டுவிட்டு, அந்த வழிகளைப் பற்றி எழுதுகிறேன்.

மூளையைக் கெடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை மருத்துவமனை இருக்கும் திசையிலேயே இல்லை. அவை ஆழ்துளைக் கிணற்றிலும், கழுவாத கீரையிலும், தலைக்கவசம் மாட்டாத வண்டிப் பயணத்திலும், ஆண்டுக்கணக்கில் அளந்து பார்க்கப்படாத இரத்த அழுத்தத்திலும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துறையின் ஊழியர் நிற்கிறார்; அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கிறது; அந்தப் பதிவேட்டை அடுத்த துறைக்காரர் படிப்பதில்லை. ஒத்துழைப்பு என்ற பெரிய சொல்லுக்கு என் அனுபவத்தில் கிடைத்த பொருள், ஒருவருடைய பதிவேட்டை இன்னொருவர் படிக்கத் தொடங்குவது என்பதுதான்.

நம் பகுதியில் இதற்கு ஃபுளோரைடைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் கருங்கல்லும் நைஸ் வகைப் பாறைகளும். அவற்றிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல நீரில் கரைகிறது. பாறையோடு நீர் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கூடுதலாகக் கரைகிறது. திறந்த கிணறுகள் வற்றித் துளைகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கியபோது, நாம் ஆழமான நீரை மட்டுமல்ல, பழைய நீரையும் குடிக்கத் தொடங்கினோம். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 தான். இதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல்லில் காவி ஏறும், இன்னும் கூடுதலான அளவில் ஆண்டுகள் பல குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வீடுகளை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

மூளை விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் வெளியிட்ட மதிப்பீடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக நடுத்தர அளவு நம்பிக்கையோடு சொன்னது. அதையொட்டி 2025 தொடக்கத்தில் வந்த தொகுப்பாய்வில் 74 ஆய்வுகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 52 ஆய்வுகள் பிழை நேர வாய்ப்பு மிகுந்தவை என்று தொகுத்தவர்களே குறித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு "ஃபுளோரைடு நம் பிள்ளைகளை மந்தமாக்கிவிட்டது" என்று சொல்பவரும் தவறுகிறார், "எல்லாம் கட்டுக்கதை" என்பவரும் தவறுகிறார். ஃபுளோரைடு கூடிய நீர் இருக்கும் ஊரில் வேறு பலவும் கூடவே இருக்கும்: தாய்க்கு இரத்தசோகை, வீட்டில் வறுமை, எட்டாவதோடு நின்ற படிப்பு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட பெற்றோர். இவற்றுள் எது பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல மருத்துவரால் மட்டும் முடியாது.

யாரால் முடியும் என்று எண்ணிப் பாருங்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறிக் காவிரி நீர் இரு மாவட்டங்களுக்கும் வரத் தொடங்கியது. எல்லாக் குடியிருப்புக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வந்த ஊரிலும் மோட்டார் பழுதான வாரங்களில் பழைய துளைக்கிணற்றுக்கே திரும்பினார்கள். எந்தக் குடியிருப்புக்கு எப்போது நீர் போனது என்பது குடிநீர்ப் பொறியாளரின் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளையின் பிறப்பு எடையும் வளர்ச்சியும் அங்கன்வாடிப் பணியாளரிடம் இருக்கின்றன. வகுப்பில் அவன் எப்படிப் படித்தான் என்பது ஆசிரியரிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட விந்தை என்னவென்றால், சின்ன வயதில் அவன் என்ன நீரைக் குடித்தான் என்பது அவன் வாயிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிரந்தர முன்பற்களின் மேற்பூச்சு முதல் சில ஆண்டுகளுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது குடித்த ஃபுளோரைடின் தடயம் பிறகு அழிவதில்லை. பல் மருத்துவர் ஒருவர் பள்ளிக்கு வந்து பற்களைத் தரம் பிரித்து எழுதினால் போதும், தாயின் நினைவை நம்ப வேண்டியதில்லை. இந்த நான்கு பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்து, நீர் வருமுன் பிறந்த பிள்ளைகளையும் வந்த பின் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிடப் புள்ளியியல் தெரிந்த ஒருவரும், தமிழில் சரிபார்க்கப்பட்ட தேர்வை நடத்தத் தெரிந்த உளவியலாளர் ஒருவரும் சேர்ந்தால், உலகம் ஐயத்தோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு நம் மாவட்டம் பதில் தர இயலும். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

முடிவு தெரியும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பல்லுக்கும் எலும்புக்கும் கெடுதல் என்பது ஏற்கெனவே உறுதியானதால், நீரை மாற்றுவதற்கு மூளையைப் பற்றிய சான்று தேவையே இல்லை. நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது, நீர் ஆவியாகிச் சுண்டும்போது அதன் செறிவு கூடத்தான் செய்யும். சுண்ணாம்புச் சத்துள்ள உணவு, குடலில் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியை ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறிய குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆனால் களி நீரின் தீமையை முழுதும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வலிப்பு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் முறையான மருந்தால் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மருந்துகளின் விலையும் குறைவு. ஆனாலும் வலிப்பு வந்தவனின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், கோடாங்கியிடம் அழைத்துப் போவதும், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமல் மறைத்துத் திருமணத்தன்று மாத்திரையை நிறுத்திவிடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லும் சட்டப் பிரிவு 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை நான் எத்தனையோ பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தானா, ஊர்ப் பெரியவரா, வழக்கறிஞரா என்பதே ஒரு கேள்வி. என் சொல்லைவிட எங்கள் பக்கத்துக் கோயில் பூசாரி ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. "சாமிக்கு வேண்டிக்க, மாத்திரையும் போட்டுக்க" என்று அவர் சொல்லத் தொடங்கிய பிறகு, இடையில் மருந்தை நிறுத்துகிறவர்கள் அந்த ஊரில் குறைந்தார்கள். இது என் கண்ணில் பட்டது மட்டுமே. எண்ணி நிறுவியது அன்று.

வலிப்புக்குக் காரணங்களுள் ஒன்று நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் தங்கிக் கட்டியாவது. இப்புழு பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோய்க்கு ஏறக்குறைய 30 விழுக்காடு இதுவே காரணம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. வேலூரில் நடந்த கள ஆய்வுகளும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் காட்டின. "நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லையே, எங்களுக்கு எப்படி வரும்?" என்று சைவக் குடும்பத்தார் திகைப்பார்கள். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டை, கீரை வழியாகவோ கழுவாத கை வழியாகவோ யார் வயிற்றுக்குள் போகிறதோ அவர் மூளையில்தான் கட்டி வரும். எனவே பல நேரங்களில் நோயாளி ஒருவர், புழுவைச் சுமப்பவர் வேறொருவர். பன்றிக்குப் போடும் தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாராகிறது. அதைப் போட வேண்டியவர் கால்நடை மருத்துவர். கழிப்பறையைக் கட்டுவது ஊராட்சி, கட்டியதைப் பயன்படுத்துவது வீட்டார், கீரைப் பாத்திக்கு என்ன நீர் பாய்கிறது என்பது விவசாயியின் கையில். நரம்பியல் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பிடித்திருக்கிறார்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை எட்டு வயதுச் சிறுமியை என்னிடம் அழைத்துவந்தார். "இவள் பாடம் நடக்கும்போது ஒரு நாளில் பத்து இருபது தடவை வெறித்துப் பார்க்கிறாள் ஐயா, கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, அடித்தும் பார்த்துவிட்டோம்" என்றார். அடித்தோம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னதை இன்றும் மதிக்கிறேன். ஒரு காகிதத் துண்டை எதிரில் பிடித்து, அதை ஊதிக்கொண்டே இருக்கும்படி சிறுமியிடம் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்குள் ஊதுவது நின்றது, கண் நிலைகுத்தியது, சில நொடிகளில் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஊதினாள். கீழே விழாமல், கை கால் வெட்டாமல் வரும் வலிப்பு வகை அது. பெங்களூரில் உறுதிசெய்து மருந்து தொடங்கிய சில மாதங்களில் அவள் வகுப்பில் தேறினாள். அந்த நோயை முதலில் கண்டது நானல்லேன், அந்த ஆசிரியை. நாளுக்கு ஆறு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கிறவர் காண்பதை ஐந்து நிமிடம் பார்க்கிற நான் எப்படிக் காண்பேன்?

பக்கவாதத்தையும் தலைக்காயத்தையும் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் என்ன செய்ய வேண்டும் என்பதில் இங்கே ஐயம் குறைவு. இரத்தக்கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கசிவுக்கு அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. மலைப்பகுதியான அஞ்செட்டியிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்த நேரத்தில் பாதி சாலையிலேயே போய்விடும். மீதியை எண்ணெய் தேய்க்கும் வைத்தியர் வீட்டில் கழித்தால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. இரத்த அழுத்தத்தை வீட்டுக்கே வந்து அளக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. என் கணக்கில், கிராமத்துப் பெண் தன்னார்வலர் தூக்கிக்கொண்டு நடக்கும் அந்தச் சிறு கருவி, இப்பகுதியின் மூளைகளைக் காப்பதில் எந்தப் பெரிய இயந்திரத்துக்கும் இளைத்ததன்று. தொப்பூர்க் கணவாயில் அடிபட்டு வருகிறவர்களின் தலைகளைப் பற்றிச் சாலைப் பொறியாளரும் காவலரும் என்னைவிட நன்றாகவே அறிவார்கள்.

முதுமை மறதிக்கு வருகிறேன். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க 14 காரணிகளைக் கையாண்டால் உலகில் 45 விழுக்காடு வரை மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்கிறது. சிறுவயதுக் கல்வியின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, தனிமை, காற்று மாசு ஆகியன அப்பட்டியலில் உண்டு. இந்த எண் பல இடங்களில் தவறாகப் பயன்படுகிறது. அது மக்கள்தொகை முழுவதுக்குமான மதிப்பீடு. உங்கள் தந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 45 விழுக்காடு குறையும் என்று அதற்குப் பொருளில்லை. காரணிகள் ஒவ்வொன்றின் சான்றும் ஒரே வலிமை உடையதன்று. காது கேட்கும் கருவி பொருத்தி மூன்றாண்டு பின்தொடர்ந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், பங்கேற்றவர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தென்படவில்லை. ஆபத்து மிகுந்த பிரிவினரிடம் மட்டும் மூளைத்திறன் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இருந்தும் காது கேளாத பாட்டிக்குக் கருவி வாங்கித் தரச் சொல்வேன். மறதிக்காக அன்று, பேத்தியின் பேச்சு கேட்கட்டும் என்பதற்காக.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தாருக்கு உவப்பான ஒரு செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு மொழிகள் பேசுவோருக்கு நோய் ஏறக்குறைய நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரிந்தது; படிக்காதவர்களிடமும் அப்படியே இருந்தது. வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசும் மக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. நோயின்றி இருப்பவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் பல இவ்வளவு தெளிவான முடிவைத் தரவில்லை. நம் எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைக் கடந்த கிராமத்தாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. இத்தகைய ஆய்வுகளே நாளடைவில் இதைத் தீர்க்க இயலும்.

மொழியறிஞருக்கும் மானிடவியலாளருக்கும் இங்கே என்ன வேலை என்பதற்கு ஒரு சிறு சான்று. நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான தேர்வு, இன்று என்ன தேதி என்று கேட்கும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணம் வரையச் சொல்லும். எழுதுகோலே பிடித்திராத ஒரு மூதாட்டி இம்மூன்றிலும் தோற்பார். அவரிடமே "சந்தை கூடி எத்தனை நாளாச்சு, ஆடிப்பெருக்குக்கு இன்னும் எத்தனை நாள்" என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிப் பிசகாமல் சொன்னார். கெட்டிருந்தது அவர் மூளை அன்று, நம் வினாத்தாள். சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்த 10/66 ஆய்வுக் குழு, கல்வியறிவு பாதிக்காத தேர்வுகளை உருவாக்கியதன் காரணம் இதுதான். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடைபெறவில்லை என்பதையே அக்குழு தன் பெயராக வைத்துக்கொண்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மருத்துவர் போதாத இடத்தில் இது வெறும் மேடைப்பேச்சு அல்லவா? மேடைப்பேச்சாக ஆகும் அபாயம் உண்மையிலேயே உண்டு. பல துறை ஒருங்கிணைப்புக் கூட்டம் என்ற பெயரில் தேநீரும் வருகைப் பதிவும் மட்டும் நடந்த அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நரம்பியல் மருத்துவருக்கு மாற்றாக ஆசிரியரையும் தன்னார்வலரையும் காட்டி, மருத்துவப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு இந்தச் சொற்றொடர் சாக்காகவும் கூடாது. கண்டறியப்பட்ட சிறுமிக்கு மருந்து எழுதக் கடைசியில் ஒரு மருத்துவர் வேண்டும்தானே. ஆனால் மருத்துவர் குறைவாக இருக்கும் இடத்தில்தான் அவரிடம் யாரை, எப்போது அனுப்புவது என்பது உயிர்நாடியாகிறது. கர்நாடகத்தில் 2022இல், பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் துணையோடு தொடங்கிய மூளை நல முயற்சி, மாவட்ட, வட்டார மருத்துவர்களுக்கே தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மறதி ஆகியவற்றில் பயிற்சி கொடுக்கும் வழியை எடுத்தது. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குவதால், அத்தகைய பயிற்சிக்கு வேண்டிய இடமும் ஆசிரியரும் நம்மிடமும் உண்டு.

கடைசியில், நீங்கள் தனியொருவராக எதைத் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தெருவின் துளைக்கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. கண்ணாடிப் புட்டி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் இருமுறை அலசிவிட்டுப் பிடியுங்கள். வரும் அறிக்கையின் நகலை உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கொடுங்கள். புட்டியின் மேல் ஊர், தெரு, எடுத்த தேதி ஆகியவற்றோடு துளையின் ஆழத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஆழம் எழுதாத புட்டிகள் என்னிடம் ஒரு காலத்தில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவற்றை வைத்து எதையும் ஒப்பிட முடியாமல் போயிற்று.